உங்களுக்குத் தெரியுமா? மேய்ச்சல் காடும் மாட்டு எருவும்

● தாராபுரம், மூலனூர், காங்கயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். சாலையின் இருபுறமும் முள்வேலி போட்ட நிலங்கள். உள்ளே பயிர் எதுவும் இல்லை. அங்கங்கே ஒரு மரம், கீழே புல், புல்லில் மாடு. தரிசு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அவை தரிசு இல்லை, கொறங்காடு. பட்டா நிலத்தின் ஒரு பகுதியை உழவுக்குக் கொடுக்காமல் புல்லுக்கென்றே ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தனியார் மேய்ச்சல் காடு அது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணோ சரளை கலந்த செம்மண். இப்படிப்பட்ட இடத்தில் கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், முள்கிளுவை வேலி என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாட்டையும் எருமையையும் மேச்சேரி ஆட்டையும் வளர்த்திருக்கிறார்கள். காங்கயம் காளையின் திமிலும் கொம்பும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காளை எதைத் தின்று அப்படி ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. இனத்தைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசும் மேடைகளில், அந்த இனத்தை உருவாக்கிய காட்டைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

● முள்கிளுவைக்கு விதை தேவையில்லை. போத்து வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் ஆடு நுழைய முடியாத வேலி தயார். கம்பியும் கல்காலும் வாங்கும் செலவு இல்லை. ஓரிடத்தில் இடைவெளி விழுந்தால் பக்கத்துச் செடியிலேயே ஒரு கிளையை ஒடித்து நட்டுவிடலாம். இந்த வேலிக்கு இன்னொரு பயன் உண்டு. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துவைக்க அது உதவுகிறது. பத்து ஏக்கரை ஒரே வேலிக்குள் வைத்திருப்பதைவிட, இரண்டரை ஏக்கராக நான்கு துண்டு வைத்திருப்பது எவ்வளவோ மேல். ஒன்றில் மாடு மேயும்போது மூன்றில் புல் தழையும்.

● கொழுக்கட்டைப் புல்லின் கதிரை உருவிப் பாருங்கள். ஒவ்வொரு விதைக்கொத்தையும் சுற்றி மெல்லிய சுணைமயிர் இருக்கும். வேட்டியில் ஒட்டும், ஆட்டு உரோமத்தில் ஒட்டும், காற்றில் உருண்டு போகும். பஞ்சுபோல் லேசான இந்த விதையைக் கையில் அள்ளி வீசினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அதனால் ஈர மணலுடன் பிசறித் தூவுவார்கள். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவி, முள்கிளையை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். இன்னொன்று: புதிதாக உதிர்ந்த விதை உடனே முளைத்துவிடாது, சில மாதம் உறங்கும். இந்த ஆண்டு அறுத்த விதையை இந்த ஆண்டே விதைத்துவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

● மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து இழுத்து அறுக்கிறது. அதனால் தரையோடு ஒட்டி மாட்டால் மேய முடியாது. இரண்டு அங்குலமாவது மிச்சம் நிற்கும். செம்மறிக்கு மெல்லிய உதடு, அதிலும் மேலுதடு பிளந்தது. மண்ணோடு மண்ணாகக் கொறித்துவிடும். மாடு மேய்ந்து முடித்த காட்டில் உடனே ஆட்டை விட்டு, நாள்கணக்கில் அங்கேயே அடைத்து வைத்தால், புல்லின் கண் இருக்கும் அடித்தூர் வரை போய்விடும்.

● புல்லுக்கு வளரும் கண் நுனியில் இல்லை. அடித்தூரில், மண்ணை ஒட்டி இருக்கிறது. நுனியைக் கடித்தாலும் மறுபடி தழைப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் எவ்வளவு கடித்தாலும் தாங்கும் என்று அர்த்தமில்லை. 1955-இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ஃபிராங்க்ளின் கிரைடர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேய்ச்சல் பாடத்தின் அரிச்சுவடி. இலையில் பாதி வரை எடுத்தபோது வேர் வளர்ச்சி பெரிதாகத் தடைபடவில்லை. எண்பது, தொண்ணூறு விழுக்காடு எடுத்தபோதோ வேர் வளர்வதே நாள்கணக்கில் நின்றுபோனது. மேலே வழித்தெடுத்தால் கீழே வேர் நிற்கிறது. வேர் நின்றால் அடுத்த வறட்சியைத் தாங்கும் சக்தி போகிறது. அரைச் சாண் தாளாவது நிற்கும்போதே மாட்டை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுங்கள். அந்தத் தாளை வீணாகப் போன தீவனம் என்று எண்ண வேண்டாம். மறுபடி தழைப்பதற்கு அதுதான் முதல்.

● பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த உயிர்வேதியியல் அறிஞர் ஆந்த்ரே வுவாசன். தன் மாடுகள் மேய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அவர் கண்டுகொண்டது இது: மேய்ச்சலைக் கெடுப்பது மாடுகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை, நாள்களின் கணக்கு. கடித்த புல் மறுபடி தழைக்கத் தொடங்கும்போதே அதே மாடு திரும்பி வந்து அதே தளிரைக் கடித்தால் புல் செத்துவிடும். போதிய ஓய்வு கொடுத்தால் அதே நிலம் கூடுதல் மாட்டைத் தாங்கும். ஓய்வுநாளும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. புல் வேகமாக வளரும் பருவத்தில் குறைவு, மெதுவாக வளரும் பருவத்தில் அதிகம். 1957-இல் அவர் எழுதிய புல் விளைச்சல் நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. ஃபிடல் காஸ்ட்ரோவின் அழைப்பில் விரிவுரை ஆற்றக் கியூபா போனவர், 1964 டிசம்பரில் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அவருடைய கல்லறை ஹவானாவில் இருக்கிறது.

● மாடு தின்னும் தழைச்சத்தில் பாலாகவும் சதையாகவும் உடம்பில் தங்குவது சிறு பங்குதான். முக்கால் பங்குக்கும் மேல் சாணமாகவும் கோமியமாகவும் காட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது. அதிலும் ஒரு பங்கீடு உண்டு. மணிச்சத்து ஏறக்குறைய முழுவதும் சாணத்தில் வரும். சாம்பல் சத்தில் பெரும்பங்கு கோமியத்தில் வரும். வயிறு நிறைய மேயும் மாடு தன் காட்டுக்கான உரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

● அப்படியானால் மேய்ச்சல் காட்டுக்கு உரமே வேண்டாமா? சிக்கல் அளவில் இல்லை, பரப்பில் இருக்கிறது. மழை பெய்த பத்தாம் நாள் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். வெளிர்பச்சைப் புல்லுக்கு நடுவே வட்டம் வட்டமாகக் கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். மாடு கோமியம் விட்ட இடங்கள் அவை. செழிப்பான மேய்ச்சலில் நிற்கும் பால்மாடு ஒருமுறை கோமியம் விடும் அந்தச் சின்ன வட்டத்தில் விழும் தழைச்சத்தை ஏக்கருக்குக் கணக்குப் போட்டால், பத்து மூட்டை யூரியாவைத் தாண்டும். எந்தப் புல்லும் அவ்வளவையும் எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் நிலத்தடி நீருக்கு இறங்கும், அல்லது ஆவியாகப் போகும். இரண்டடி தள்ளி நிற்கும் புல் பசியோடு வெளுத்துக் கிடக்கும்.

● இதைவிடப் பெரிய இழப்பு நிழலடியில் நடக்கிறது. காடெல்லாம் மேய்ந்துவிட்டு, மத்தியானம் மாடு எங்கே போய்ப் படுக்கும்? மரத்தடியில். எங்கே நின்று அசைபோடும்? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், படலுக்குப் பக்கத்தில். பத்து ஏக்கரின் சத்து நாள் தவறாமல் பத்து சென்டில் வந்து குவிகிறது. ஒரே ஒரு பெரிய மரம் இருக்கும் காட்டில் இது இன்னும் மோசம். கொறங்காட்டில் வெள்வேலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். நிழலும் சிதறும், எருவும் சிதறும். தொட்டியை அவ்வப்போது இடம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் மரத்தடிச் சாணத்தை வாரிக் காட்டின் வெளுத்த பகுதியில் சிதறுங்கள். கூலி கொடுத்து உரம் வாங்கிப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

● சாணம் விழுந்த இடத்தைச் சுற்றி வளர்ந்த புல்லை மாடு தொடாது. எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மோந்து பார்த்து விலகிவிடும். குடற்புழு முட்டைகள் அதிகம் இருக்கும் இடம் அது. மாட்டின் மூக்கு அதற்குக் காவல். ஆனால் மாடு ஒதுக்கிய அதே புல்லை ஆடு கூச்சமின்றி மேயும். மாட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை ஆட்டு வயிற்றிலும் ஆட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றிலும் பிழைப்பதில்லை என்பதால், இரண்டையும் முறைவைத்து மேய்ப்பதில் இரட்டை லாபம். தாள் உயரத்தில் மட்டும் கண் இருக்க வேண்டும்.

● ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளையர்கள் மாட்டைக் கொண்டுபோனார்கள். சாணி வண்டைக் கொண்டுபோகவில்லை. கங்காருவின் சிறிய, உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகளில் பெரும்பாலானவை மாட்டுச் சாணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாணம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து புல்லை மூடியது. ஈரச் சாணத்தில் ஈ பெருகி மனிதரை வாட்டியது. ஹங்கேரியிலிருந்து அங்கே குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா இதைக் கவனித்தார். அவர் முன்கை எடுத்து 1965-இல் தொடங்கிய திட்டம் இருபது ஆண்டுகள் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த வண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அந்த மண்ணில் ஊன்றிவிட்டன. நம் ஊரில் அந்த வண்டு இலவசம். புதுச் சாணத்தைக் குச்சியால் புரட்டினால் அடியில் துளையிட்டு உருண்டையை உள்ளே இழுத்துப் போவதைப் பார்க்கலாம். மண்ணைக் கிளறி, எருவை வேருக்கருகில் சேர்த்து, மழைநீர் இறங்க வழியும் செய்கிறது. மாட்டுக்குப் போடும் சில ஒட்டுண்ணி மருந்துகள், முக்கியமாக ஐவர்மெக்டின், சாணத்தோடு வெளியேறி இந்த வண்டின் புழுக்களைக் கொல்லும். மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவைப்படும் மாட்டுக்கு, மருத்துவர் சொன்ன நேரத்தில் போடுங்கள். தேதி வைத்து மந்தை முழுக்கப் போட வேண்டாம்.

● "ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மட்கிச் சத்தை விடும்; நார் மிகுந்த மாட்டுச் சாணத்துக்குக் காலம் பிடிக்கும். ஆய்வகம் சொல்வதும் இதேதான்.

● மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டை ஜல்லிக்கட்டுக் காளையாகத்தான் பலருக்குத் தெரியும். அந்த மந்தையின் முக்கிய வேலை கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவில் மாட்டை மடக்கி வைப்பார்கள். மறுநாள் இடம் மாற்றுவார்கள். நிலத்துக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். இராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறியோடு இதையே செய்கிறார்கள். கிடையில் வயலுக்குச் சாணம் மட்டும் கிடைப்பதில்லை. குப்பைக்குழியில் சேராமல் தொழுவத்திலேயே வீணாகும் கோமியமும் மண்ணுக்குள் நேரே இறங்குகிறது. ஏற்றுக்கூலி, வாரும் கூலி எதுவும் இல்லை.

● இப்போது மூட்டைக்கு வருவோம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றைப் பிரித்தால் மண்ணுக்குச் சேர வேண்டியது 20 கிலோ 700 கிராம். அதில் எவ்வளவு சேரும் என்பது நீங்கள் போடும் நேரத்தைப் பொறுத்தது. பயிர் நிலமானால் களை கொத்தும்போது மண்ணுக்குள் தள்ளிவிடலாம். மேய்ச்சல் காட்டில் அது முடியாது. குருணை மேலேயே கிடக்கும். பனி ஈரத்தில் கரைந்து, வெயிலில் அமோனியாவாகிக் காற்றோடு கலந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை உங்கள் பணம் பறக்கும் வாடை. நல்ல மழைக்குச் சற்று முன்னால், அல்லது மழை தொடர்ந்து பெய்துகொண்டிருக்கும் பருவத்தில், மாடு மேய்ந்து வெளியேறிய துண்டில் போடுங்கள். வறண்ட மண்ணில் போட்டுவிட்டு மழையை எதிர்பார்ப்பது வேண்டாம். மானாவாரிக் காட்டுக்கு என் யோசனை இன்னும் ஒரு படி பின்னால் போகும்: முதலில் ஓய்வு, அடுத்து எருவைப் பரப்புதல், அடுத்து பயறு வகைச் செடி, கடைசியில் மண் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான் செலவு கூடுகிறது.

● உலகத்திலேயே நீண்ட காலமாக நடந்துவரும் புல்வெளிச் சோதனை, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1856-இல் தொடங்கியது. ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட் இருவரும் ஒரு பழைய புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் போட்டார்கள். சிலவற்றுக்கு எதுவும் போடவில்லை. எந்த உரம் போட்டால் எவ்வளவு உலர்புல் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. கிடைத்த பதில் வேறு. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, வெவ்வேறு விதை விதைத்ததுபோல் பாத்திகள் பிரிந்து நின்றன. இன்றும் உரமே போடாத பாத்தியில் நாற்பதை ஒட்டிய செடியினங்கள் சேர்ந்து வளர்கின்றன. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட பாத்திகளில் இரண்டு மூன்று புல்வகை மட்டுமே மிச்சம். அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து விழுந்த இடங்களில் மண் கடுமையாகப் புளித்துவிட்டது. மண்புழு இல்லாமல், செத்த புல் மட்காமல் மெத்தைபோல் கனத்துக் கிடக்கிறது. விளைச்சல் கூடியது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் வெளியேறியவை பயறு குடும்பத்துச் செடிகள். காற்றிலிருந்து தழைச்சத்தை இலவசமாகப் பிடித்துத் தந்தவை அவை.

● அதே ஜான் லாஸ் 1842-இல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர். அந்த உரம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நியூசிலாந்தின் மலைச்சரிவுகளில் வானத்திலிருந்து விழுந்தது. வண்டி ஏற முடியாத குன்றுகளில் விமானத்திலிருந்து உரம் தூவும் சோதனையை 1948-இல் அந்நாட்டு விமானப்படை செய்தது. மறு ஆண்டே அது தொழிலாகிவிட்டது. ஆட்டையும் மாட்டையும் நம்பிய நாட்டுக்கு அது பெரிய பாய்ச்சல். அந்த மணிச்சத்து எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நவ்ரூவிலிருந்து. பசிபிக் கடலில் வெறும் 21 சதுர கிலோமீட்டர் தீவு. பறவை எச்சத்தோடு சேர்த்துப் பேசப்படும் பாஸ்பேட் பாறையை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக வெட்டி எடுத்தன. தீவின் நடுப்பகுதி இன்று கூரிய சுண்ணாம்புப் பாறைகள் நிற்கும் பொட்டல். மரம் வைக்கவும் வீடு கட்டவும் முடியாது. தன் நிலத்தைப் பாழாக்கியதற்காக நவ்ரூ 1989-இல் ஆஸ்திரேலியாவைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993-இல் இழப்பீட்டோடு சமரசம் ஆனது. போன மண் போனதுதான்.

● நியூசிலாந்தின் கதை அதோடு முடியவில்லை. மேய்ச்சலில் கொட்டிய தழைச்சத்து ஆற்றில் இறங்கியதால், 2021 ஜூலை முதல் ஒரு வரம்பு: மேய்ச்சல் நிலத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 190 கிலோ செயற்கைத் தழைச்சத்துக்கு மேல் போடக் கூடாது. நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் மூட்டை யூரியா.

● சோளப்பயிரில் மாடு புகுந்து செத்த சேதி ஆண்டுதோறும் எங்காவது கேட்கிறோம். இளஞ்சோளத்தில் இருப்பது ஹைட்ரோசயனிக் அமிலம். குருத்துப் பருவத்தில் அதிகம், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த தட்டில் இன்னும் அதிகம். மாடு மூச்சுத் திணறி நிமிடக்கணக்கில் விழுந்துவிடும். ரத்தம் பளிச்சென்ற செந்நிறத்தில் இருக்கும். இன்னொரு நஞ்சு நைட்ரேட். யூரியா தாராளமாகப் போட்டு, பிறகு மழை பொய்த்து, பயிர் வளராமல் நின்றால், உறிஞ்சிய தழைச்சத்தெல்லாம் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட்டாகத் தங்கிவிடும். அதைத் தின்ற மாட்டின் ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும். இரண்டும் வேறு வேறு நஞ்சு, மருந்தும் வேறு வேறு. அதனால் ரத்தத்தின் நிறத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: நன்றாக வெயிலில் காயவைத்தால் சோளத்தின் சயனைடு பெரும்பாலும் போய்விடும்; நைட்ரேட் எத்தனை நாள் காய்ந்தாலும் போகாது. பூக்கும் பருவத்துக்கு முன் சோளத்தை மேய விடாதீர்கள். வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்ததும் பசிமாட்டை நேரே உரம் போட்ட தட்டில் இறக்காதீர்கள். வைக்கோல் தின்ன வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

● யூரியா மூட்டையைப் பிரித்து வரப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உப்பு என்று நினைத்து மாடு நக்கிவிடும். கரைத்து வைத்த வாளியைத் தண்ணீர் என்று குடித்துவிடும். வயிற்றில் யூரியா மிக வேகமாக அமோனியாவாக மாறி, வலிப்பு வந்து, வயிறு உப்பி, சீக்கிரமே உயிர் போகும். குளிர்ந்த நீரோடு வினிகர் கலந்து புகட்டுவது முதலுதவி. அதே நிமிடத்தில் கால்நடை மருத்துவருக்குப் போன் போக வேண்டும். ஆனால் அதே யூரியா, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ என்ற அளவில் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், வைக்கோலை மென்மையாக்கிச் சத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

● காட்டில் இடுப்பளவு புல். ஆனாலும் மாடும் ஆடும் இளைத்து, சோர்ந்து, எலும்பும் தோலுமாகிச் செத்தன. ஆஸ்திரேலியக் கடற்கரைப் பகுதிகளிலும் நியூசிலாந்தின் எரிமலை மண்ணிலும் பல பத்தாண்டுகளாக நடந்த துயரம் இது. வேறு ஊர்ப் புல்லுக்கு ஓட்டிப்போனால் தேறிவிடும். திரும்பி வந்தால் மறுபடி இளைக்கும். 1935-இல்தான் காரணம் துலங்கியது: மண்ணில் கோபால்ட் இல்லை. பத்துக் கிலோ உலர்தீவனம் தின்னும் மாட்டுக்கு நாளைக்கு வேண்டியது ஒரே ஒரு மில்லிகிராம். அதுவும் இல்லாமல்தான் அத்தனை சாவு. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டுதான் பி-12 வைட்டமினைச் செய்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. புல்லின் உயரத்தை மட்டும் பார்த்து மேய்ச்சலை எடைபோடக் கூடாது. தாது உப்புக் கட்டி ஒன்றைத் தொழுவத்தில் தொங்கவிடுவது இதனால்தான்.

● நம் கொழுக்கட்டைப் புல், 1870-களில் ஒட்டகச் சேணங்களில் திணித்த வைக்கோலோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனதாகக் கருதப்படுகிறது. மேய்ச்சலுக்கு நல்லது என்று பிறகு வேண்டுமென்றும் விதைத்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொண்டாடினார்கள். பாலைவனத்துக்கோ அது வினையானது: அடர்ந்து வளர்ந்து, காய்ந்து, நெருப்பைப் பரப்பி, தீயே பழகாத செடிகளை எரிக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2015-இல் அதைக் களை என்று அறிவித்துவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் அந்தப் புல்லின் தீ, ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டும் சாகுவாரோ கள்ளிகளை அழிக்கிறது. தன் ஊரில் பசியாற்றும் புல் அது. அங்கே அதைக் கடித்துக் குறைக்க மந்தையும் இல்லை, அதைத் தாங்கிப் பழகிய செடிகளும் இல்லை.

● கொறங்காட்டில் தரையோடு படரும் செப்புநெருஞ்சி மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல மேவு. அதே செடி ஆஸ்திரேலியாவில் குதிரைக்கு நரம்பு நோய் கொடுக்கிறது. கால் இழுத்து, நடை தடுமாறும்.

● மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தீவனத்தில் ஏழு விழுக்காடு புரதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நாரைச் செரிக்க முடியாமல் மாடு தின்பதையே குறைத்துவிடும். மாசிக்குப் பிறகு காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். சரியாக அந்தக் கோடையில்தான் வெள்வேலங்காய் முற்றி உதிர்கிறது. புரதம் நிறைந்த காய். ஆடு மாடு ஓடிப்போய்ப் பொறுக்கும். வயிற்றுக்குள் கடினத்தோல் இளகிய விதை, சாணத்தோடு விழுந்து மழைக்கு முளைக்கிறது. விறகுக்காக அந்த மரத்தை வெட்டும்போது கோடை மாதங்களின் புண்ணாக்குச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

● புல்லோடு முயல் மசாலைக் கலந்து விதைத்தால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு மசால் சரியாக இருக்கும். மசால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும், மாட்டுக்குப் புரதம் கொடுக்கும். விதைத்தோல் கடினமாக இருப்பதால் அப்படியே விதைத்தால் முளைப்பு குறையும். கொதித்த நீரை இறக்கி, 80 டிகிரிக்கு வந்ததும் விதையை மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்நீரில் ஊறவைத்து விதையுங்கள்.

● உங்கள் காடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் போக வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்கும் முன் காட்டின் நடுவே, மரத்தடியும் தொட்டியும் இல்லாத சாதாரண இடத்தில், ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்கு முள்ளை அடர்த்தியாக வைத்துக் கட்டி, மாடு வாய் வைக்க முடியாதபடி அடைத்துவிடுங்கள். பக்கத்தில் அதே அளவுக்கு இன்னோர் இடத்தை அடைத்து, அதில் மட்டும் ஒரு கூடை மட்கிய எருவைச் சிதறுங்கள். மார்கழியில் இரண்டையும் அறுத்து எடைபோடுங்கள். வேலிக்கு வெளியே மாடு மேய்ந்த இடத்தில் அதே அளவை அறுத்தும் எடைபோடுங்கள். முதல் பாத்திக்கும் வெளிக்காட்டுக்கும் உள்ள வித்தியாசம், மாடு எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதைக் காட்டும். வெளியே ஏறக்குறைய ஒன்றுமே நிற்கவில்லை என்றால், அந்தத் துண்டுக்கு முதலில் ஓய்வு கொடுங்கள். எருப் பாத்திக்கும் எருவில்லாப் பாத்திக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் மண் எதற்கு ஏங்குகிறது என்பதைச் சொல்லும். அந்த வித்தியாசம் சின்னதாக இருந்தால், இந்த ஆண்டு உரக்கடைக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கிளுவைப் போத்து நட ஆள் கூப்பிடுங்கள்.